காத்தானுக்கு ஜாமீன்

இரவு ஏழரை மணி. மாசி மாதம். மன்னார்குடிக்குக் கிழக்கே பிரிந்து புளியங்குத்தகைக்குப் போகும் ஆற்றங்கரை ரோடு... அந்தக் காலத்தில் அது மண் ரோடு. விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து முளைத்த வயல்கள். மருந்துக்கும் ஒரு வீடு இல்லை.

வைக்கோல் வண்டி ஒன்று எதிரே வந்தது. வண்டிக்காரர் அரிக்கேன் வெளிச்சத்தில் ஆளைப் பார்த்தார்.

“மருதையனா? எப்ப விட்டாங்க?”

“இப்பத்தான்.”

“சரி, புள்ளயப் போய்ப் பாரு.”

அவ்வளவுதான் பேச்சு. வண்டிக்காரர் பிறகு ஊரில் சொன்னது ஒன்றுதான். அவன் தாண்டிப் போனதும் பினாயில் வாடை அடித்ததாம். வயல் நடுவே, பினாயில்... மாடுகள் வீடு போய்ச் சேரும் வரை மூக்கை விடைத்துக்கொண்டே வந்தனவாம்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஜெயிலுக்குப் போனவன் ஜாமீனில் வீட்டுக்கு வருகிறான். ஆனால் அதே ஏழரை மணிக்கு மருதையன் ஜெயிலுக்குள்தான் இருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

மருதையன் வேறு யாருமில்லை, நம்மோடு ராத்திரி ஷிப்டு பார்க்கிற அமிர்தலிங்கத்தின் தாய்மாமன். அமிர்தலிங்கம் இன்றைக்கு ஷிப்டுக்கு வரவில்லை. அதனால்தான் இதைப் பேச முடிகிறது. விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள்... போதும்.

ஆட்சி மாறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். சுவருக்குச் சுவர் சூரியன் சின்னம். வயலில் மட்டும் பழைய வெயில்தான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பில் இறக்கியது. உள்ளூர்க்காரர்கள் வரப்பில் குறுக்கே நின்றார்கள். போலீஸ் வந்தது. நெல் கொள்ளை என்று வழக்கு எழுதியது. தை மாதத்தில், பாதி அறுப்பில், மருதையனையும் அவன் தெருக்காரர்களையும் லாரியில் ஏற்றித் தாலுகா ஊரின் கிளைச்சிறைக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் தாலுகா என்பது வேண்டாம்.

தாலுகா ஆபீஸுக்குப் பின்னால் தாழ்வான ஓட்டுக் கட்டடம். சுண்ணாம்பு உதிர்கிற சுவர். பினாயிலும் மூத்திரமும் கலந்த வாடை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொட்டடியைப் பூட்டினால் சாவிக்கொத்து அதிகாரி வீட்டுக்குப் போய்விடும். ராத்திரி உள்ளே என்ன நடந்தாலும் விடிந்தால்தான் கதவு. தீப்பிடித்தாலும் அப்படித்தான் என்று ஹெட் வார்டர் ரெத்தினம் முதல் நாளே சொல்லிவிட்டார். மிரட்டிச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

ஜாமீனில் போக வேண்டுமானால் சொந்த நிலம் உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நிலம் இல்லாததால் கூலி கேட்டார்கள். கூலி கேட்டதால் உள்ளே வந்தார்கள். வெளியே போக நிலம் வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செல்லதுரை அலைந்து திரிந்து ஒவ்வொருவராக வெளியே எடுத்தார். மருதையன் கடைசியாக நின்றுவிட்டான்.

முதல் நாள் அவன் துண்டை விரிக்கப் போன இடத்தில் ஒரு கை குறுக்கே வந்தது. மீரா உசேன். அதிராம்பட்டினத்து மீன் லாரி டிரைவர். பண்ணை வீட்டு வண்டி மாட்டை லாரியில் தட்டிவிட்டு வந்தவர். லாரி முதலாளி எட்டிப் பார்க்காததால் உள்ளேயே கிடந்தார்.

“அங்க வேணாம் தம்பி. அது காத்தான் எடம்.”

“ஆளக் காணும்?”

“கார்த்திகையில செத்துட்டான்.”

“அப்ப எடம் சும்மாதானே பாய் கெடக்கு.”

“செத்தவனுக்கு இன்னும் விடுதல வரலயே.”

கிண்டல் செய்கிறார் என்று மருதையன் நினைத்தான். அவர் கிண்டல் செய்யவில்லை.

காத்தான் ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆள். பிழைக்க வந்த இடத்தில், களத்திலிருந்து ஒரு கட்டு நெல்லைத் தூக்கினான் என்று பிடித்துப்போட்டார்கள். வழக்கு நடந்திருந்தால் மூன்று மாதம் கொடுத்திருப்பார்கள். நடக்கவில்லை. வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போட ஆள் இல்லை. பார்க்க வரவும் ஆள் இல்லை. கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி குளிர்க்காய்ச்சல் கண்டது. கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினான். ரெத்தினம் அதிகாரி வீட்டுக்கு ஆள் அனுப்பினார். காலையில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. காலையில் பார்த்தார்கள். சுவரோடு ஒட்டி விறைத்துக் கிடந்தான்.

ஜெயிலுக்குள் சாவு என்றால் மேலதிகாரி விசாரணைக்கு வருவார். ஏன் டாக்டர் வரவில்லை, ஏன் கதவு திறக்கவில்லை... கேள்வி வரும். ஆகவே அன்று ராத்திரியே ஆற்றோரம் குழி தோண்டி மூடிவிட்டார்கள். கோர்ட்டுக்குச் சொல்லவில்லை. கோர்ட்டில் காத்தான் உயிரோடு இருந்தான். வாய்தாவுக்கு வாய்தா டவாலி அவன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கு யாராவது குரல் கொடுக்க வேண்டும்.

இதுவரை குரல் கொடுத்தவன் விடுதலையாகிப் போயிருந்தான். ரெத்தினம் மருதையனைப் பார்த்தார்.

“டேய், காத்தான்னு கூப்புட்டா நீ ‘இருக்கேன்யா’ன்னு சொல்லு. மாஜிஸ்திரேட்டு தலையத் தூக்க மாட்டாரு.”

“நான் மருதையனுங்கய்யா.”

“ஒம் பேரு தனியா வரும். அதுக்கும் சொல்லு. ஒரு வாயி ரெண்டு தடவ தொறந்தா சுளுக்கிக்காது.”

“பாவமில்லீங்களா?”

“ஒம் பொண்டாட்டி பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு அங்க வந்து நிக்கிது. பக்கத்துல விடணுமா, வேணாமா?”

மருதையன் உள்ளே வந்த பிறகு பிறந்த குழந்தை. அவன் இன்னும் பார்க்கவில்லை. ஒத்துக்கொண்டான்.

கோர்ட் வராந்தாவில் டவாலி “காத்தான்” என்று மூன்று முறை கூப்பிட்டார். மருதையன் “இருக்கேன்யா” என்றான். உள்ளே பேனா கீறுகிற சத்தம். அவ்வளவுதான். அதற்குக் கூலியாக மனைவி அம்சத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார விட்டார்கள். பெண் குழந்தை. விலங்கு போட்ட கையால் அதன் காலைத் தொட்டுப் பார்த்தான்.

திரும்பி வந்ததும் மீரா உசேன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“செத்தவன் பேருக்கு வாயக் குடுத்துட்டியே தம்பி.”

அன்று ராத்திரி மருதையன் விழித்துக்கொண்டான். மையிருட்டு. சுவரோரம் யாரோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல... ஒரே வார்த்தை... திரும்பத் திரும்ப.

“இருக்கேன்யா... இருக்கேன்யா... இருக்கேன்யா...”

முதலில் கரகரப்பாக இருந்தது. போகப் போகத் தெளிந்தது.  அது மருதையனுடைய குரல்.

காலையில் மீரா உசேன் சலித்துக்கொண்டார்.

“ராத்திரி பூரா என்னடா முணுமுணுப்பு. தூங்க விடுறியா?”

அடுத்த வாய்தாவிலும் காத்தானுக்கு மருதையன்தான் சொன்னான். அந்த ராத்திரி சுவரோரத்துக் குரல் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தது. “வீரன் மகன்... புளியங்குத்தகை...” வீரன் மருதையனின் அப்பா.

மாசி கடைசியில் செல்லதுரை எப்படியோ நிலக்காரர் இரண்டு பேரைப் பிடித்துவிட்டார். ஜாமீன் உத்தரவு வந்து சேர்ந்தபோது பூட்டுகிற நேரம். புளியமரத்திலிருந்து வௌவால்கள் கிளம்பும் சத்தம். தாலுகா ஆபீஸில் டைப் அடிப்பது நின்றது. மருதையனுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். சுவரில் சாய்ந்து கிடந்தான். எந்தச் சுவர் என்று அவன் கவனிக்கவில்லை.

“மருதையன்.”

ரெத்தினத்தின் குரல். மருதையன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. எழப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே ஈரமண்ணைக் கொட்டி மூடியது போலக் கனம்.

“இருக்கேன்யா.”

அவன் குரல்தான். அவன் சொல்லவில்லை.

பக்கத்திலிருந்து ஓர் ஆள் எழுந்து போனது. முதுகுதான் தெரிந்தது. தோளில் மருதையனின் துண்டு.

“தகப்பன் பேரு?”

“வீரன்.”

“ஊரு?”

“புளியங்குத்தகை.”

“அடையாளத்தக் காட்டு.”

மருதையனுக்கு இடது கெண்டைக்காலில் அரிவாள் வெட்டுத் தழும்பு. எழுந்து போனது வேட்டியைத் தூக்கிக் காலைத் திருப்பிக் காட்டியது. ரெத்தினம் குனிந்து பார்த்தார்.

“சரி, கைநாட்டு வெய்யி.”

மீரா உசேன் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

“போய்ட்டு வான்னு இங்க சொல்லக் கூடாது தம்பி. ஒரேயடியாப் போ.”

கதவு சாத்தினார்கள். பூட்டு விழுந்தது. சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டே அதிகாரி வீட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது... அப்புறம்தான் மருதையனுக்கு வாய் வந்தது.

“அய்யா, நான் இங்க இருக்கேன்யா.”

கொட்டடியில் எல்லாரும் திரும்பினார்கள். மீரா உசேன் நகர்ந்து நகர்ந்து எதிர்ச் சுவருக்குப் போய்விட்டார்.

“யாருடா நீ?”

“மருதையன், பாய்.”

“மருதையன் போய்ட்டான். நான் கையக் காட்டினேன்.”

ரெத்தினம் அரிக்கேனோடு கம்பிக்கு வெளியே வந்து நின்றார். விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.  

“நான் தழும்பப் பாத்துத்தான் விட்டேன். ஒங்கால காட்டு.”

மருதையன் காலைக் கம்பிக்கு நடுவே நீட்டினான். கெண்டைக்காலைத் தடவினான். வழவழவென்று இருந்தது. மேலே தடவினான், கீழே தடவினான். சிறுவயதிலிருந்து விரலுக்குத் தெரிந்த அந்த மேடு இல்லை.

ரெத்தினம் விளக்கை இறக்கினார். பேசியபோது குரலில் கோபம் இல்லை. ஒரு நிம்மதி கூட இருந்தது.

“இத்தன மாசமா இங்க ஒரு ஆளு கொறச்சல். இன்னிக்கித்தான் கணக்கு சரியா இருக்கு. படு காத்தான்.”

கிளைச்சிறையில் கண்ணாடி கிடையாது. தன் முகம் எப்படி இருக்கிறது என்று மருதையனுக்குத் தெரிய வழியில்லை. அதைப் பற்றி அவன் அப்போது நினைக்கவும் இல்லை. நினைப்பெல்லாம் ரோட்டில் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். இப்போது அது டவுன் எல்லையைத் தாண்டியிருக்கும். இப்போது மதகு. இப்போது ஆற்றங்கரை. இப்போது பண்ணைக் களத்தைச் சுற்றித் தெருவுக்குள் இறங்கும்... நாய் குரைக்குமா? குரைத்தால் நல்லது. அம்சம் படலைத் திறக்காமல் இருப்பாள். குரைக்காவிட்டால், யாரு என்று கேட்பாள். அது அவன் குரலில் பதில் சொல்லும்.

விடியும் வரை கத்தினான். பிறகு தொண்டை அடைத்துவிட்டது.

ரெத்தினத்தின் காலில் விழுந்து பார்த்தான். அவர் நகர்ந்து நின்றார்.

“ஆள் மாத்தி விட்டேன்னு எழுதிக்குடுத்தா எனக்கு வேல போவும். காத்தான் செத்ததும் வெளிய வரும். எழுதினாலும் ஒன்ன யாருன்னு எழுதுறது? நீயே சொல்லு.”

மருதையனிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. அவன் வந்துதான் வைக்க வேண்டும் என்று அம்சம் வைத்திருந்தாள். அவனும் மனசுக்குள் ஒரு பேர் வைத்திருந்தான். குழந்தையிலேயே செத்துப்போன தங்கச்சியின் பேர். அம்சத்திடம் கூடச் சொல்லவில்லை. சொல்லாததை அந்தச் சுவர் கேட்டிருக்க முடியாது. அந்தப் பேரைச் சொன்னால் போதும், தங்கச்சிக் கதையைச் சொன்னால் போதும், அவள் புரிந்துகொள்வாள்.

பங்குனியில் வாய்தா வந்தது. ஜாமீனில் போனவனும் அன்றைக்குக் கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும்.

வராந்தாவில் கூட்டம். வெற்றிலை எச்சில் வாடை. மருதையனை இடுப்புக் கயிற்றோடு தூணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். எதிர்த் தூணுக்கு அருகே அம்சம் நின்றாள். இடுப்பில் குழந்தை. தலை வாரிப் பூ வைத்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள்... முதுகைக் காட்டியபடி.

டவாலி கூப்பிட்டார்.

“மருதையன்.”

“இருக்கேன்யா” என்றது வெள்ளைச் சட்டை. திரும்பவில்லை. ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டது. கெண்டைக்காலில் தழும்பு.

“அம்சம்.”

அவள் பார்த்தாள். அவன் முகத்தில் எதையோ தேடுவது போலப் பார்த்து, கண்டுபிடிக்காமல், குழந்தையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“யாருங்க இது? எம் பேரச் சொல்லிக் கூப்புடுறாரு?”

“அம்சம், நான்தான் புள்ள. புள்ளைக்கு என்ன பேரு வெக்கணும்னு நெனச்சிருந்தேன்னு அவன கேளு. நான் ஒங்கிட்ட கூடச் சொல்லல. இப்ப சொல்றேன் கேளு...”

அவன் கத்தியதில் குழந்தை மிரண்டு அழுதது. அம்சம் முதுகில் தட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனாள்.

“ஒண்ணுமில்லடி... அழுவாதடி நீலாம்பா. யாரோ பைத்தியம்.”

அந்தப் பேர்தான்.

மருதையன் அதற்கு மேல் அவளைக் கூப்பிடவில்லை. தூணில் சாய்ந்துகொண்டான். டவாலி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

“காத்தான்.”

அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். கைதியைக் கூட்டிவந்த போலீஸ்காரர் கயிற்றை இழுத்தார்.

“காத்தான்.”

உதட்டைக் கடித்துக்கொண்டான். ரத்தம் உப்புக் கரித்தது.

“காத்தான்.”

“இருக்கேன்யா.”

அவன்தான் சொன்னானா... வாய் தானாகத் திறந்ததா... கூடக் கயிற்றில் கட்டுண்டிருந்த மீரா உசேனுக்கும் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். அது மருதையன் குரல் இல்லை. கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி முழுக்க அவர் கேட்டுக்கொண்டு கிடந்த குரல்.

உள்ளே பேனா கீறியது.

இதற்கு மேல் மருதையன் சொல்ல, கேட்டவர் யாரும் இல்லை. மிச்சம் மீரா உசேன் கண்டதுதான். சித்திரையில் அவருடைய முதலாளிக்கு மனசு இளகி, ஆளை வெளியே எடுத்தார்.  அவர் கிளம்பும்போது மருதையன் அந்தச் சுவரோரம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான்.

மீரா உசேன் நேரே அதிராம்பட்டினம் போயிருக்கலாம். போகவில்லை. மனசு கேட்காமல் புளியங்குத்தகைக்குப் போனார். தெருவுக்குள் நுழைந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அம்சம் வீட்டு வாசலில் நின்று படலை இழுத்துச் சாத்தினாள். சங்கிலியைச் சுற்றினாள். வெளிப்பக்கம் பூட்டுப் போட்டாள். கூரை வீட்டுக்குப் பூட்டு... அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான்.

“மருதையன் இருக்கானாம்மா?”

“உள்ளதான் இருக்காரு. நீங்க யாரு அண்ணே?”

“உள்ள ஆள வெச்சிக்கிட்டு வெளிய பூட்டுற?”

அம்சம் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

“ஜெயிலுக்குப் போய்ட்டு வந்ததுலேருந்து அப்படித்தாண்ணே. வெளிய பூட்டினாத்தான் அவருக்குத் தூக்கம் வருது. நானும் புள்ளயும் வாசல்லதான் படுக்கிறோம்.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மத்தபடி தங்கமான மனுசன். முன்னயாச்சும் கோவம் வரும்.”

மீரா உசேன் தன் பேரைச் சொல்லவில்லை.  திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பார். படலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அமைதியான குரல். மருதையன் குரல்.

“உசேன் பாய்... உள்ள அவன் நல்லாருக்கானா?”

அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

“சொவரோரம் படுக்க வேணாம்னு சொல்லுங்க பாய். ராத்திரி ஈரம் ஏறும். அப்பறம் எழுந்திரிக்க முடியாது.”

மறுநாள் அவர் திரும்பவும் அந்தக் கிளைச்சிறைக்குப் போனார். விடுதலையானவன் தானாக அந்த வாசலுக்குப் போவதில்லை. இவர் போனார். மத்தியானச் சோறு கொடுக்கிற நேரம். ரெத்தினம் கூடையோடு கொட்டடிக்கு வெளியே குந்தியிருந்தார். அடுத்த கொட்டடியில் நாலைந்து பேர் புதிதாக இருந்தார்கள். இந்தக் கொட்டடி இருட்டாக, சத்தமில்லாமல் இருந்தது.

“காத்தானப் பாக்கணும்யா. ஒரு வார்த்த சொல்லணும்.”

ரெத்தினம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எந்தக் காத்தான்?”

“சொவரோரம் படுத்திருப்பானே...”

“அவன் செத்துட்டான். முறையா கோர்ட்டுக்கு எழுதியாச்சு. விசாரணையும் முடிஞ்சிது. கார்த்திகையில வந்த காய்ச்சலு.”

“நான் நேத்துத்தானேயா போனேன். இங்கதானே கெடந்தான்.”

“கார்த்திகையில” என்றார் ரெத்தினம் மறுபடியும். “இந்தக் கொட்டடில இப்ப யாருமில்ல. நீ போ பாய்.”

சொல்லிக்கொண்டே கூடையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் தட்டைப் பாதிதான் தள்ளினார்.

மீதிப் பாதி உள்ளே இழுபட்டுப் போனது.